யார் எழுதிய வரி?

2015 ஏப்ரலில் டெபியன் லினக்ஸின் எட்டாம் பதிப்பு வெளிவந்தது. ஏழாம் பதிப்பிலிருந்து அதற்கு மாறும் சர்வரில், அப்பாச்சி என்னும் வலைச் சர்வர் நிரல் 2.2-இலிருந்து 2.4-க்கு ஏறும். ஏறி முடிந்ததும் நேரக்கூடியது இது: அப்பாச்சி ஓடுகிறது, லாகில் ஒரு பிழைச் செய்தியும் இல்லை, தளத்தின் கோப்புகள் எல்லாம் போட்டது போட்டபடி இருக்கின்றன. ஆனால் முகவரியைத் தட்டினால் தளம் வரவில்லை. அன்றுதான் நிறுவிய அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் வந்து நிற்கிறது. காரணம் ஒரு கோப்பின் பெயரில் ஒளிந்திருக்கிறது. தளங்களின் கான்ஃபிக் கோப்புகள் இருக்கும் அடைவில் கோப்பின் பெயர் இப்படித்தான் முடிய வேண்டும் என்று பழைய பதிப்பு கேட்காது. புதியதோ 'டாட் கான்ஃப்' என்று முடியும் பெயர்களை மட்டும் படிக்கும். என்றோ ஒருநாள் யாரோ தளத்தின் பெயரையே கோப்புக்கும் வைத்து, வால் எதுவும் ஒட்டாமல் விட்டிருந்தால், அந்தத் தளம் புதிய அப்பாச்சியின் கண்ணுக்கு இல்லாத ஒன்று. இல்லாத ஒன்றைப் பற்றி அது எப்படிப் புகார் சொல்லும்?

இதில் தவறு யாருடையது என்று கேட்டால் விரல் நீட்ட ஆள் அகப்படுவதில்லை. 2.4-ஐ எழுதியவர்கள் அனுமதி விதிகளின் இலக்கணத்தையே மாற்றினார்கள். ஆர்டர், அலௌ, டினை என்று மூன்று சொற்களில் குழப்பிக்கொண்டிருந்ததை ரிக்வயர் என்ற ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்தது நல்ல காரியம். 'டாட் கான்ஃப்' விதியைப் புகுத்தியவர்கள் டெபியனில் அப்பாச்சியைப் பராமரிப்பவர்கள். எடிட்டர்கள் விட்டுச்செல்லும் நகல் கோப்புகளும் மிச்சம்மீதிகளும் தளங்களாக எண்ணப்படாமல் இருக்க அது உதவும். பேக்கேஜோடு வரும் செய்திக் கோப்பில் அதை எழுதியும் வைத்தார்கள். பெயரில் வால் வைக்காத நிர்வாகி, அன்று நடப்பிலிருந்த விதிப்படி சரியாகவே நடந்தார். தனித்தனியே மூவரும் சரி. சேர்த்துப் பார்த்தால் தளம் இல்லை. நிரல் என்றால் பிழை, பிழை என்றால் எங்கோ ஒருவர் கணக்கில் தப்பு விட்டிருக்கிறார் என்பது பொதுப் புத்தி. சர்வர்களில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி அந்த வகையில் சேராது என்பதே என் வாதம். ஒருவர் எழுதிய வரி இன்னொருவர் கைக்குப் போகிறது. எழுதியதற்கான காரணம் அதோடு போவதில்லை. கோளாறு அந்தக் கைமாற்றத்தில் பிறக்கிறது. ஆகவே சரிசெய்யும் வேலையின் முதல் கேள்வி 'எது உடைந்தது?' என்பதைவிட, 'இந்த வரியை எழுதியது யார், எதற்காக?' என்பதாக இருந்தால் பாதி வழி கடந்தாயிற்று.

ஏட்டுச் சுவடிகளிலிருந்து நூல் பதிப்பித்தவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். மூலம் ஒருவருடையது, அதைப் பெயர்த்து எழுதிய கை இன்னொன்று, ஓரத்தில் குறிப்பெழுதி, அது காலப்போக்கில் பாடலுக்குள்ளேயே புகுந்துவிட்ட இடைச்செருகல் மூன்றாமவருடையது. லினக்ஸ் சர்வரில் ஓடும் எந்த நிரலும் இதே மூன்று அடுக்கால் ஆனது. மூல நிரலர்கள் எழுதுகிறார்கள். டெபியன், ரெட் ஹாட், சூசே போன்ற வழங்கல்களின் பராமரிப்பாளர்கள் அதை எடுத்துத் தொகுத்து, தங்கள் மரபுக்கு ஏற்பக் கோப்புகளை இடம்பெயர்த்து, வேண்டிய இடத்தில் ஒட்டுப்போட்டு, பேக்கேஜாகக் கட்டுகிறார்கள். கடைசியாகச் சர்வரின் நிர்வாகி தன் தேவைக்கு நாலு வரி மாற்றுகிறார். நடுவில் நிற்கும் பராமரிப்பாளர்தான் கண்ணுக்கே தெரியாதவர். 'அப்பாச்சியை நிறுவினேன்' என்று சொல்கிறோமே தவிர, டெபியன் பதிப்பித்த அப்பாச்சியை நிறுவினேன் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் டெபியனில் அதன் பெயர் அப்பாச்சி2, ரெட் ஹாட்டில் ஹெச்டிடிபிடி. அங்கே அது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனர் பெயரில் ஓடும், இங்கே அப்பாச்சி என்ற பெயரில். டெபியனில் ஒரு சேவையை நிறுவினால், நிறுவிய கையோடு அது ஓடத் தொடங்கும். ரெட் ஹாட்டில் நீங்கள் சொல்லும்வரை சும்மா இருக்கும். நிறுவுகிறவன் ஓட்டத்தானே நிறுவுகிறான் என்பது ஒரு கொள்கை. கான்ஃபிக்கைப் பார்க்குமுன் எதுவும் வெளியுலகுக்குக் கதவு திறக்கக் கூடாது என்பது மற்றொன்று. இவற்றில் எதுவும் அப்பாச்சியை எழுதியவர்களின் ஆவணத்தில் கிடைக்காது. மூலத்தைப் படித்துவிட்டுப் பதிப்பைத் திருத்தப் போகிறவர் அங்கேதான் சறுக்குகிறார்.

இந்த அடுக்குகள் மோதும் இடத்தை டெபியன் தெளிவாக உணர்ந்திருந்தது. கான்ஃபிக் கோப்புகள் எட்சி அடைவுக்குள் இருக்க வேண்டும், நிர்வாகி செய்த மாற்றம் மேம்படுத்தலின்போது அழியக் கூடாது என்பது அதன் கொள்கை ஆவணத்தில் உள்ள கட்டளை. அதை நிறைவேற்றும் டிபிகேஜி கருவி ஒவ்வொரு கான்ஃபிக் கோப்புக்கும் மூன்றை ஒப்பிடுகிறது: சென்ற முறை பேக்கேஜில் வந்தது, இந்த முறை வருவது, இப்போது வட்டில் இருப்பது. நிர்வாகி தொடவில்லை என்றால் புதியதைச் சத்தமில்லாமல் வைக்கும். பேக்கேஜ் மாறவில்லை என்றால் நிர்வாகியுடையதை அப்படியே விடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மட்டும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும்: உன்னுடையதா, என்னுடையதா? பாடபேதத்தைத் தானே தீர்க்காமல் மனிதனிடம் ஒப்படைக்கும் இந்தப் பண்பு எனக்குப் பிடிக்கும். ரெட் ஹாட்டின் ஆர்பிஎம் கேட்பதில்லை. பேக்கேஜைக் கட்டியவர் குறித்துவைத்தபடி, உங்களுடையதை விட்டுவிட்டுப் புதியதை 'ஆர்பிஎம்நியூ' என்ற வாலோடு பக்கத்தில் வைக்கும். அல்லது புதியதை வைத்துவிட்டு உங்களுடையதை 'ஆர்பிஎம்சேவ்' என்று ஒதுக்கும். கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கேட்கப்படுபவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன அப்பாச்சி ஏற்றத்தில் 'புதியதை வை' என்றால் வால் இல்லாத தளங்கள் காணாமல்போகும். 'என்னுடையதே இருக்கட்டும்' என்றால் பழைய கோப்பில் உள்ள லாக்ஃபைல் என்ற கட்டளை 2.4-க்குப் புரியாமல் அப்பாச்சி எழுந்திருக்கவே மறுக்கும். இரண்டு பதிலும் தவறாக அமையும் கேள்வி அது. வரிகளைக் கலந்து மூன்றாவது ஒரு பாடத்தை உருவாக்குவதே வழி. நள்ளிரவில் முனையத்தின் முன் அமர்ந்து, என்டர் விசையில் கை வைத்திருப்பவரிடம் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் கடுமைதான். தானியங்கி மேம்படுத்தல் இன்னும் நுட்பமான நிலை. கேள்வி எழும் என்று தெரிந்தால், டெபியனின் தானியங்கிக் கருவி அந்தப் பேக்கேஜைத் தொடாமல் ஒதுக்கி, லாகில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். கான்ஃபிக்கில் என்றோ மாற்றிய ஒரே ஒரு எழுத்துக்காகப் பாதுகாப்புத் திருத்தம் மாதக்கணக்கில் வாசலிலேயே நிற்கலாம். எல்லாம் தானாக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்போம்.

யார் எழுதியது என்று கேட்காமல் சரிசெய்யும் வழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்பதற்கு 777 என்ற எண்ணே சாட்சி. 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால், எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடு என்று சிஹெச்மாட் கட்டளையோடு அந்த எண்ணைத் தட்டுவது கைப்பழக்கமாகிவிட்டது. ரெட் ஹாட் குடும்பத்துச் சர்வரில் இது பல சமயம் பலிக்காது. ஒரு பக்கத்தைத் தன் இல்ல அடைவில் தயாரித்து, எம்வி கட்டளையால் வலை அடைவுக்கு நகர்த்துகிறார் ஒருவர். உரிமையாளர் சரி, உரிமை எண்கள் சரி, அடைவுகளும் சரி. ஆனால் அப்பாச்சி மறுக்கிறது. மறுப்பது அப்பாச்சியும் இல்லை. கெர்னலுக்குள் அமர்ந்திருக்கும் எஸ்இலினக்ஸ் என்னும் இரண்டாவது காவல்காரர். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000-இல் வெளியிட்ட அமைப்பு அது. அவருடைய கணக்கில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை உண்டு. இல்ல அடைவில் பிறந்த கோப்புக்கு 'இல்லத்துப் பொருள்' என்ற முத்திரை. நகர்த்தினால் முத்திரையும் கூடவே போகும். சிபி கட்டளையால் நகலெடுத்திருந்தால் புதிய இடத்தின் முத்திரை விழுந்திருக்கும். நகர்த்துவதும் நகலெடுத்துப் பழையதை அழிப்பதும் ஒன்றே என்று நினைத்துப் பழகிய கைக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் விதியின் பக்கம் நியாயம் இருக்கிறது: வலைச் சர்வரை ஒருவன் கைப்பற்றினாலும் அவன் வீட்டுக் கோப்புகளைத் தொடக் கூடாது. ரெஸ்டோர்கான் என்ற ஒரே கட்டளை முத்திரையைத் திருத்திவிடும்; மறுப்பு எதற்கென்று தணிக்கை லாகில் எழுதியும் இருக்கும். அதைப் படிப்பவர் குறைவு. காவல்காரரையே வீட்டுக்கு அனுப்பிவிடு என்ற ஒருவரிக் கட்டளை எங்கும் எளிதாகக் கிடைக்கிறது. அதைத் தட்டியதும் தளம் வந்துவிடுகிறது. தளம் வந்துவிட்டதால் காரணம் புரிந்துவிட்டது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பரிகாரம் பலித்ததா என்பதும் நோய் தெரிந்ததா என்பதும் வேறு வேறு சங்கதிகள். 'அனுமதி இல்லை' என்ற இரண்டு சொல்லை அந்தச் சர்வரில் மூன்று பேராவது சொல்லக்கூடும்: கோப்பு உரிமை, எஸ்இலினக்ஸ், அப்பாச்சியின் சொந்த விதி. சொன்னவர் யாரென்று தெரியாமல் மூவரையும் ஒரே மூச்சில் சமாதானப்படுத்துவதற்குப் பெயர் சரிசெய்தல் ஆகாது.

கைமாற்றம் ஆட்களுக்கு இடையில் மட்டும் நடப்பதில்லை. காலத்துக்கு இடையிலும் நடக்கிறது. வட்டில் இருக்கும் கான்ஃபிக்கும் நினைவகத்தில் ஓடும் கான்ஃபிக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலான சேவைகள் எழும்போது ஒருமுறை கோப்பைப் படிக்கும், அதோடு சரி. சித்திரையில் ஒருவர் ஒரு வரியைத் திருத்திவிட்டுச் சேவையை மீண்டும் தொடங்காமல் விடுகிறார். ஐப்பசியில் மின்சாரம் போய்ச் சர்வர் எழும்போது அந்த வரி முதல்முறையாகப் படிக்கப்படுகிறது, சேவை விழுகிறது. ஐப்பசியில் என்ன மாறியது என்று தேடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது, மாறியது சித்திரையில். நிரலகங்களிலும் இதே கதை. 2014 ஏப்ரல் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நிரலகத்தில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. மூல நிரலர்கள் 1.0.1ஜி என்ற புதிய பதிப்பில் அதை அடைத்தார்கள். டெபியன் புதிய பதிப்புக்குத் தாவவில்லை, தன்னிடமிருந்த 1.0.1ஈ-யிலேயே திருத்தத்தை மட்டும் பின்னோக்கித் தைத்து, பேக்கேஜின் கடைசி எண்ணை மட்டும் உயர்த்தியது. நிரலிடம் 'நீ எந்தப் பதிப்பு' என்று கேட்டால் அது முன்போலவே 1.0.1ஈ என்றுதான் சொல்லும். எண்ணைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் சோதனைக் கருவி அடைபட்ட சர்வரை ஓட்டையானது என்று சொல்லும். இதற்கு நேர்மாறான ஆபத்து இன்னும் பெரியது: பேக்கேஜை மேம்படுத்தி எண்ணையும் சரிபார்த்தாயிற்று, ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவைகள் பழைய நிரலகத்தை நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மீண்டும் தொடங்கும்வரை ஓட்டை திறந்தேதான் இருக்கும். வட்டில் நலம், நினைவகத்தில் நோய். பதிப்பு எண் என்பது மூல நிரலர் எழுதிய வரி. அதன் மேல் பராமரிப்பாளர் எழுதியதைக் காட்ட அந்த எண்ணில் இடமே கிடையாது.

இவ்வளவு குழப்பத்துக்கும் நடுவில் நிற்கும் அந்தப் பராமரிப்பாளரே காரணம், அவர் மூலத்தில் கை வைக்காமல் இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்லாக்வேரும் ஆர்ச்சும் மூலத்தை இயன்றவரை தொடாமல் தருவதையே கொள்கையாக வைத்திருக்கின்றன. இந்தத் தரப்புக்கு டெபியனே வலுவான ஆதாரத்தைத் தந்திருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சமவாய்ப்பு எண் உருவாக்கும் பகுதியில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வரிகள் இருந்தன. வால்கிரைண்ட் போன்ற சோதனைக் கருவிகள், தொடக்க மதிப்பு இல்லாத நினைவகத்தை அவை படிப்பதாக எச்சரித்தன. டெபியனின் பராமரிப்பாளர் 2006-இல் மூல நிரலர்களின் குழுவில் இதைப் பற்றிக் கேட்டார். தடுத்து நிறுத்தும்படியான பதில் வரவில்லை. இரண்டு வரிகளையும் முடக்கினார். ஒன்றை முடக்கியதால் நட்டமில்லை. மற்றது, வெளியிலிருந்து திரட்டிய சமவாய்ப்புத் தன்மையை உள்ளே கலக்கும் குழாய். அது அடைபட்டதும் மிஞ்சிய ஒரே மாறுபாடு செயல்முறையின் அடையாள எண். அந்த எண்ணின் வழக்கமான உச்சம் 32,768. உலகம் அழியும்வரை ஊகிக்க முடியாதிருக்க வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கின. கோளாறு கொண்ட பேக்கேஜ் 2006 செப்டம்பர் 17 அன்று ஏறியது. 2008 மே 13 அன்று, லூசியானோ பெல்லோ கண்டுபிடித்த பின், எச்சரிக்கை வெளியானது. இடைப்பட்ட இருபது மாதங்களில் டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் உருவான எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் சான்றிதழ்களையும் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. டிஎஸ்ஏ வகைச் சாவிகள் நல்ல எந்திரத்தில் பிறந்திருந்தாலும், கெட்ட எந்திரத்தில் ஒருமுறை பயன்பட்டிருந்தால் அவையும் பாழ். இதைப் படித்துவிட்டு, நடுவில் இருப்பவரை நீக்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் அந்த முடிவை ஏற்க முடியவில்லை. நடந்ததைக் கவனமாகப் பார்த்தால், அந்த இரண்டில் தீங்கில்லாத வரிக்கு மூலத்தில் ஒரு குறிப்பு இருந்தது: இதைப் பற்றிச் சோதனைக் கருவி முனகும் என்ற பொருளில் ஒரு சிறு வாக்கியமும், வேண்டுமானால் முடக்கிக்கொள்ள ஒரு வசதியும். உயிர்க்குழாயான வரிக்கு ஒரு சொல்கூட இல்லை. எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது; எழுதிவைக்கத் தோன்றவில்லை. பராமரிப்பாளர் கேட்கவும் செய்தார். கேட்டவருக்கும் பதில் சொன்னவர்களுக்கும் நடுவில் காரணம் நழுவியது. 2024-இல் வெளிப்பட்ட எக்ஸ்ஜெட் விவகாரம் இதே படிப்பினையை மறுபக்கத்திலிருந்து காட்டியது. அங்கே நஞ்சு மூலத்திலேயே திட்டமிட்டுக் கலக்கப்பட்டிருந்தது. தொட்டவர் பராமரிப்பாளர் அல்லர். எக்ஸ்ஜெட் சுருக்க நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், எல்லாரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லாத ஒரு வரி, வெளியீட்டுக்காகக் கட்டப்பட்ட மூட்டையில் மட்டும் இருந்தது. அது கட்டப்படுவது டெபியன் பேக்கேஜாகவா ஆர்பிஎம் பேக்கேஜாகவா என்று பார்த்து, அப்படி இருந்தால் மட்டுமே விழித்துக்கொண்டது. எஸ்எஸ்ஹெச் சர்வருக்கும் எக்ஸ்ஜெட்டுக்கும் மூலத்தில் எந்த உறவும் கிடையாது. 'நான் தயார்' என்று, சேவைகளைத் தொடங்கி மேற்பார்க்கும் சிஸ்டம்-டியிடம் ஒரு சேதி சொல்வதற்காகச் சில வழங்கல்கள் எஸ்எஸ்ஹெச்சில் போட்ட ஒட்டு, சிஸ்டம்-டியின் நிரலகத்தை இழுத்துவந்தது. அது எக்ஸ்ஜெட்டை இழுத்துவந்தது. தாக்கியவர் மூல நிரலைவிடக் கைமாறும் வழிகளைத்தான் ஆழமாகப் படித்திருந்தார். மார்ச் 29 அன்று இதை வெளியிட்ட ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெபியனின் நிலையற்ற பதிப்பான சிட்டில் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாவதையும் வால்கிரைண்ட் முனகுவதையும் கண்டு, ஏன் என்று விடாமல் கேட்டவர். 2006-இல் எந்தக் கருவியின் முனகலை அடக்கப்போய்ச் சாவிகள் பாழாயினவோ, அதே கருவியின் முனகல் இந்த முறை உலகத்துச் சர்வர்களைக் காப்பாற்ற உதவியது. முனகலை அடக்குவதற்கும் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அது. மூலத்தைத் தொடாமல் தரும் கொள்கை முதல் விபத்தைத் தடுத்திருக்கும். இரண்டாவதில் எஸ்எஸ்ஹெச்சுக்குப் போன பாதையை மட்டும் மூடியிருக்கும்; நஞ்சு கலந்த நிரலகம் அப்போதும் வாசல்வரை வந்து சேர்ந்திருக்கும்.

அடுத்த மறுப்பு நவீனமானது. 2013-இல் டாக்கர் வந்தபின் இந்தப் பேச்செல்லாம் பழங்கதை, நிரலையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பிவிடுகிறோம், கைமாற்றமே இல்லை என்பார்கள். பெட்டியைத் திறந்து பாருங்கள்: உள்ளே அடியில் கிடப்பது பெரும்பாலும் ஒரு டெபியன் அல்லது ஓர் அல்பைன். அல்பைனின் அடிப்படை நிரலகம் மஸில். மற்றவை பயன்படுத்தும் ஜிலிப்சி அல்ல. மஸில் 2023 வரை, பெயர்த்தீர்வுப் பதில் ஒரு சிறு பொட்டலத்துக்குள் அடங்காமல் போனால் டிசிபி வழியாக மறுபடி கேட்காது. வெளியில் வேலை செய்யும் முகவரி பெட்டிக்குள் மட்டும் தீராமல் போகும். பெட்டியைக் கட்டியவருக்கு மஸில் என்ற பெயரே தெரிந்திருக்க வேண்டியதில்லை. நடுவில் இருந்தவர் நீங்கவில்லை. முன்பு அவர் பெயரும் கொள்கை ஆவணமும் மாற்றக் குறிப்பும் உடையவராக இருந்தார். இப்போது பெட்டி கட்டும் ஒவ்வொருவரும் அறியாமலே அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். ஹார்ட்ப்ளீட் போன்ற ஒன்று வந்தால் ஒரு சர்வரில் ஒரு பேக்கேஜை மாற்றுவதற்குப் பதில் எத்தனை பெட்டிகளை மறுபடி கட்ட வேண்டும், அவற்றில் எத்தனையைக் கட்டியவர் இன்னும் வேலையில் இருக்கிறார் என்று எண்ண வேண்டும். நிக்ஸின் தரப்பு இதைவிட மதிக்கத்தக்கது. ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் விரித்த அந்த முறை, ஒவ்வொரு பேக்கேஜையும் அது எவற்றிலிருந்து கட்டப்பட்டதோ அவற்றின் கைரேகையைப் பெயராக வைத்து வைக்கிறது. முழுச் சர்வரும் ஓர் எழுத்துப் பிரதியிலிருந்து மறுபடி பிறக்கும். எந்தக் கை எந்த வரியை எழுதியது என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் இதுவரை வந்ததாக நான் கருதவில்லை. ஆனால் அது 'யார்', 'எது' இரண்டையும் சொல்லும். 'ஏன்' என்பதை எழுதுகிறவர் எழுதினால்தான் உண்டு. ஒரு தவறான முடிவையும் நிக்ஸ் பிசகாமல் ஆயிரம் எந்திரங்களில் திரும்பப் பிறப்பிக்கும்.

கடைசியாக ஒரு முணுமுணுப்பு மிச்சம் இருக்கிறது, அது நியாயமானது: சர்வர் விழுந்து கிடக்கும்போது வரலாறு படிக்க நேரம் ஏது? இல்லைதான். விழுந்ததைத் தூக்க ஒரு கட்டளையை நகலெடுத்து ஒட்டுவது குற்றமில்லை. தூக்கிய பிறகும் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு நகர்வதுதான் குற்றம். ஒட்டிய கட்டளை இன்னொரு பதிப்புக்காக, இன்னொரு வழங்கலுக்காக எழுதப்பட்டிருக்கலாம். நாளை அது இந்தச் சர்வரின் இடைச்செருகல். அடுத்து வருகிறவர் அதைத் தொடப் பயப்படுவார், அல்லது பயமில்லாமல் அழிப்பார். இதற்கான கருவிகள் பழையவை, எளியவை. வட்டில் உள்ள கோப்பு எந்தப் பேக்கேஜுக்கு உரியது, வந்தபோது இருந்ததிலிருந்து மாறியிருக்கிறதா என்று டிபிகேஜியும் ஆர்பிஎம்மும் சொல்லும். பேக்கேஜோடு வந்த கோப்பைத் திருத்தாமல் தன் வரிகளை மட்டும் தனிக் கோப்பில் மேலே வைக்கும் வழியைச் சிஸ்டம்-டி தருகிறது. எட்சி அடைவையே கிட்டுக்குள் வைத்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாக்கியம் கேட்கும் எட்சிகீப்பர் என்ற சிறு நிரல் உண்டு. அந்த வாக்கியத்தை 'மாற்றம்' என்று ஒற்றைச் சொல்லால் நிரப்பாமல் இருந்தால் போதும்.

எக்ஸ்ஜெட்டுக்குப் பின், 2024 ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8, சிஸ்டம்-டியிடம் சேதி சொல்லும் வேலையைத் தானே சில வரிகளில் செய்துகொண்டது. அந்த ஒட்டுக்கும் அது இழுத்துவந்த நிரலகங்களுக்கும் இனித் தேவையில்லை. நடுவில் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் போட்டுவந்த ஒட்டு, ஏன் போடுகிறார்கள் என்ற கேள்வி மேலே போய்ச் சேர்ந்ததும் மூலத்துக்குள் இடம்பிடித்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லிலும் 2008-க்குப் பின் ஒன்று நடந்தது. டெபியனில் முடக்கப்பட்ட அந்த வரிக்கு மேலே, இதை நீக்காதே என்று பெரிய எழுத்துகளில் ஒரு குறிப்பு ஏறியது. கீழே இன்னும் சில வாக்கியங்கள்: சோதனைக் கருவிகள் இதைப் பார்த்து முனகலாம், அது எங்களுக்குத் தெரியும், சிக்கல் இந்த வரியில் இல்லை, இதை எடுத்தால் சமவாய்ப்புத் தன்மை கெட்டுச் சாவிகள் பாழாகும். நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அந்த வரி இருபது மாதங்களுக்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.